மொம்பாசா முதல் கிகாலி வரை லாரிக் கட்டணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தெற்கு சூடான் ஆகிய நான்கு நாடுகளுக்கும் கடற்கரை கிடையாது. காங்கோவுக்குக் கடற்கரை உண்டு; ஆனால் அது மேற்குக் கோடியில் இருக்கிறது, கிழக்கு காங்கோவுக்கு அதனால் பயனில்லை. இங்கெல்லாம் வரும் டீசலும் கோதுமையும் இரும்பும் பக்கத்து நாட்டுச் சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தச் சாலைக்கு யார், எவ்வளவு, எந்தக் கணக்கில் காசு வாங்குவது என்பதில் நாற்பது வருடமாகப் பேச்சு நடக்கிறது. அதையொட்டி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. இங்கே வரும் தொகைகள் குறிப்பிட்ட ஆண்டுக்கோ காலத்துக்கோ உரியவை.

எந்தச் சாலைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு வழித்தடங்கள். ஒன்று வடக்கு வழித்தடம். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் தொடங்கி நைரோபி, கென்யா–உகாண்டா எல்லையான மலாபா, உகாண்டாவின் கம்பாலா வழியாக ருவாண்டாவின் கிகாலிக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு மட்டும் சுமார் 1,170 கிலோமீட்டர். இன்னொன்று நடு வழித்தடம். தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ருசுமோ பாலம் வழியாக ருவாண்டாவுக்குள் நுழைகிறது.

வடக்குத் தடத்துக்கு 1985-லேயே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் செயலகம் மொம்பாசாவில் இருக்கிறது. நடுத் தடத்துக்கான அமைப்பு 2006-ல் வந்தது. ருவாண்டா, உகாண்டா, புருண்டி, காங்கோ நான்கும் இரண்டிலும் உறுப்பினர்கள். ஒரு பக்கம் கட்டணம் ஏறினால் மறுபக்கம் வண்டியைத் திருப்பிவிடலாம் என்ற கணக்கு அவர்களுக்கு எப்போதும் உண்டு. துறைமுகம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கும் அது தெரியும்.

ஒரு லாரி வழியில் என்னென்ன கட்ட வேண்டியிருக்கும்?

சாலைப் பயன்பாட்டுக் கட்டணம், போகும் நாட்டில் செல்லுபடியாகும் மூன்றாம் நபர் காப்பீடு, சுங்கத்துக்கான பிணை, மின்னணு சீல் கருவி, பெர்மிட், எடைமேடையில் எடை கூடியிருந்தால் அபராதம். சில இடங்களில் பாதுகாப்புத் துணைக்கு, சரக்கு விவரச் சான்றிதழுக்கு, சந்தை வரிக்கு என்று தனித்தனி ரசீது. இதற்கு மேல் ரசீதே இல்லாத மாமூல்.

பேச்சுவார்த்தை மேசையில் பெரும்பாலும் அடிபடுவது முதலாவது, அதாவது சாலைப் பயன்பாட்டுக் கட்டணம். அது கண்ணுக்குத் தெரியும் தொகை, ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். டிரைவரிடம் கேட்டால் அவர் முதலில் சொல்வது எத்தனை ஜன்னலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான்.

டீசலிலேயே சாலை வரி இருக்கிறதே, வெளிநாட்டு லாரிக்குத் தனிக் கட்டணம் எதற்கு?

நியாயமான கேள்வி. கென்யாவில் ஒரு லிட்டருக்கு 25 ஷில்லிங் சாலைப் பராமரிப்பு வரி (2024-ல் 18-லிருந்து உயர்த்தினார்கள்). உள்ளூர் லாரி டேங்க் நிரப்பும்போதே சாலைக்குப் பணம் கட்டிவிடுகிறது.

வெளிநாட்டு டிரைலரின் கதை வேறு. லோடு ஏற்றிய டிரைலர் லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மலாபாவில் உகாண்டாவுக்குள் நுழைந்து ருவாண்டா எல்லையான கட்டுனாவில் வெளியேற ஏறக்குறைய 660 கிலோமீட்டர். 330 லிட்டர் இருந்தால் போதும். நீண்ட தூர வண்டிகளின் டேங்க் இதைவிடப் பெரியது. விலை மலிவான பக்கத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு, நடுவில் ஒரு நாட்டை ஒரு சொட்டு டீசல்கூட வாங்காமல் கடந்துவிடலாம். சாலை தேய்ந்தது தேய்ந்ததுதான், வரி மட்டும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. எல்லையில் வாங்கும் கட்டணம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது.

ஆகவே இந்தக் கட்டணத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் இருக்கட்டும், அதன் கணக்கு ஓடிய தூரத்தோடும் ஏற்றிய எடையோடும் ஒட்டி இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு கட்டணம் எப்படி வந்தது?

கூட்டமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால். கொமேசா எனப்படும் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச்சந்தை 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஒரு பொது விகிதம் வைத்திருக்கிறது: மூன்று ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) மேற்பட்ட கனரக லாரிக்கு 100 கிலோமீட்டருக்கு 10 டாலர், அதற்குக் கீழே 6 டாலர். கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, காங்கோ எல்லாம் அதில் உறுப்பினர்கள்.

தான்சானியா 2000-ல் கொமேசாவிலிருந்து வெளியேறியது. அது தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்திலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்திலும் இருக்கிறது. கனரக லாரிக்கு அது வைத்த விகிதம் 100 கிலோமீட்டருக்கு 16 டாலர். தார் எஸ் சலாமிலிருந்து ருசுமோ வரை சுமார் 1,300 கிலோமீட்டர். கொமேசா கணக்கில் 130 டாலர், தான்சானியா கணக்கில் 208 டாலர். ஒரு டிரிப்புக்கு 78 டாலர் வித்தியாசம்.

ருவாண்டா இரண்டு கணக்கையும் விட்டுவிட்டு, தூரம் பார்க்காமல் மொத்தமாக ஒரு தொகை வைத்தது: உகாண்டா, கென்யா வண்டிக்கு 76 டாலர், தான்சானியா வண்டிக்கு அதைப்போல இரு மடங்கு, 152 டாலர்.

தான்சானியாவுக்கும் ருவாண்டாவுக்கும் நடந்த 500 டாலர் தகராறு என்ன?

தான்சானியா ருவாண்டா லாரிகளுக்கான கட்டணத்தை 500 டாலராக ஏற்றியது. அதுவரை சுமார் 200 டாலர். ருவாண்டா சும்மா இருக்கவில்லை. 2013 செப்டம்பரிலிருந்து தான்சானியா லாரிகளுக்கு 152-ஐ 500 ஆக்கியது. நீ ஏற்றினால் நானும் ஏற்றுவேன் என்ற கதைதான். பிறகு பேசி இரு தரப்பும் 152 டாலருக்கு இறங்கின.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தான்சானியா கட்டணத்தை ஏற்றியபோது அடி விழுந்தது ருவாண்டாவின் லாரி முதலாளிகளுக்கு. ருவாண்டா பதிலடி கொடுத்தபோது அடி விழுந்தது தான்சானியா லாரிக்கு என்று சொன்னார்கள். ஆனால் அந்த லாரி எதை ஏற்றிக்கொண்டு வந்தது? ருவாண்டாக்காரர் வாங்கப்போகும் சரக்கை. அந்தக் கூடுதல் காசு வாடகையில் ஏறி, கடைசியில் கிகாலிக் கடையில்தான் வந்து நின்றிருக்கும். கடல் இல்லாத நாடு இந்த மாதிரிப் பதிலடியில் தன் கையையே சுட்டுக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் 152 என்றால் சமம்தானே?

பார்வைக்குச் சமம். கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ருவாண்டா வண்டி தான்சானியாவில் 1,300 கிலோமீட்டர் ஓட 152 டாலர் கட்டியது. கிலோமீட்டருக்கு 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. தான்சானியா வண்டி ருசுமோவிலிருந்து கிகாலிக்கு ஓடுவது சுமார் 160 கிலோமீட்டர். அதே 152 டாலர் கிலோமீட்டருக்கு 95 சென்ட் ஆகிறது. எட்டு மடங்கு!

வடக்குப் பக்கமும் இதே கதை. கட்டுனா எல்லையிலிருந்து கிகாலி 80 கிலோமீட்டர்தான். கொமேசா விகிதப்படி அதற்கு 8 டாலர். வாங்கியது 76.

ருவாண்டாவின் வாதமும் வெறுங்கை அல்ல. சின்ன நாடு, மலைப்பாதை, பராமரிப்புச் செலவு அதிகம். தூரக் கணக்கில் போனால் பெரிய நாட்டுக்கு நூற்றுக்கணக்கில் கட்டிவிட்டு, அந்த நாட்டு வண்டியிடமிருந்து பத்து, பதினைந்து டாலர்தான் வாங்க முடியும். எனக்குத் தோன்றுவது, தூரக் கணக்கே சரி. ஆனால் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் ருவாண்டாவைக் கையெழுத்துப் போடச் சொல்வது நடக்காத காரியம்.

ஒருங்கிணைப்பு என்றால் எல்லா நாட்டிலும் ஒரே தொகையா?

தேவையில்லை. மூன்று விஷயம் ஒன்றாக இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்: எதற்கு வாங்குகிறோம் (தூரம், ஆக்ஸில், எடை), எந்த ஜன்னலில் வாங்குகிறோம், மாற்றினால் எத்தனை நாள் முன்னால் அறிவிக்கிறோம். தொகை 10-ஆ 12-ஆ என்பது அப்புறம். லாரி முதலாளி வாடகை பேசும்போது டிரிப்புக்கு ஆகும் செலவு தெரிந்திருக்க வேண்டும். 12 டாலர் என்று தெரிந்தால் 12-ஐப் போட்டு வாடகை சொல்வார். நாளைக்கு என்ன ஆகுமோ என்றால் 20-ஐப் போட்டுச் சொல்வார்.

கையெழுத்தான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தொகையில் ஆரம்பித்து முறையில் முடிய முயல்கின்றன. தலைகீழாகச் செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் நகர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எடைக் கட்டுப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சாலையைக் கெடுப்பது வண்டியின் மொத்த எடையைவிட ஒவ்வோர் ஆக்ஸிலும் தாங்கும் எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950-களின் கடைசியில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்குப்படி, சேதம் ஆக்ஸில் எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரட்டிப்பு. அதே 56 டன்னை ஐந்து ஆக்ஸிலில் ஏற்றுவதும் ஏழு ஆக்ஸிலில் பரப்பி ஏற்றுவதும் சாலைக்கு ஒன்றல்ல.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் கென்யாவில் 48 டன், ருவாண்டாவிலும் புருண்டியிலும் 53, தான்சானியாவில் 56 என்று உச்ச வரம்பு இருந்தது. தார் எஸ் சலாமில் சட்டப்படி ஏற்றிய வண்டி வேறொரு எல்லையில் சட்டவிரோத வண்டி ஆகிவிடும். அங்கே பாதி மூட்டையை இறக்கி இன்னொரு வண்டி பிடிப்பதா, அபராதம் கட்டுவதா, எடைமேடைக்காரரைக் 'கவனிப்பதா' என்று டிரைவர் யோசிக்க வேண்டியிருந்தது. 2013-ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் ஒரே சட்டம் கொண்டுவந்தது: ஏழு ஆக்ஸில் வண்டிக்கு அதிகபட்சம் 56 டன், ஆக்ஸில் வகைக்கு ஏற்ப வரம்பு.

ஒருங்கிணைப்புப் பேச்சில் இதுவரை நடந்த உருப்படியான காரியங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன். எல்லோரும் ஒரே எடையை ஏற்றுகிறார்கள் என்றால்தான் கிலோமீட்டருக்கு ஒரே கட்டணம் என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும்.

உலக வர்த்தக அமைப்பின் விதி இதற்கு இல்லையா?

உண்டு. அந்த அமைப்பின் அடிப்படை ஒப்பந்தங்களில் ஒன்றான காட் ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதிப்படி, கடந்துபோகும் சரக்குக்குச் சுங்கவரி போடக் கூடாது. போக்குவரத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கொடுத்த சேவைக்கும் ஏற்ற நியாயமான கட்டணம் மட்டும் வாங்கலாம். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் இதை இன்னும் விரித்துச் சொல்கிறது. 'நியாயமான' என்பது எவ்வளவு என்று எங்கும் எண் கிடையாது. அப்புறம், தெற்கு சூடான் அந்த அமைப்பில் உறுப்பினரே அல்ல.

முப்பது, நாற்பது டாலர் கட்டணம் ஒரு பெரிய விஷயமா?

2022 ஜனவரியில் மலாபாவில் நடந்ததைப் பாருங்கள். உகாண்டாவுக்குள் வரும் ஒவ்வொரு லாரி டிரைவரும் எல்லையிலேயே கொரோனா பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதற்கு 30 டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு. வேறு நாட்டில் எடுத்த சான்றிதழ் கையில் இருந்தாலும் செல்லாது. டிரைவர்கள் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார்கள். மலாபாவிலும் இன்னொரு கென்யா–உகாண்டா எல்லையான புசியாவிலும் கென்யா பக்கம் லாரி வரிசை பல கிலோமீட்டருக்கு நீண்டது. அந்த வரிசையில் நின்றவற்றில் பெட்ரோல், டீசல் டேங்கர்களும் உண்டு. உகாண்டாவுக்கு எரிபொருள் வரும் முக்கிய வழி அதுதான். சில நாட்களில் உகாண்டாவின் பெட்ரோல் பங்க்குகள் வறண்டன. சில ஊர்களில் பெட்ரோல் விலை எகிறியது. கடைசியில் அரசு விதியைத் தளர்த்தியது.

இன்னொன்று 2024-ல். தெற்கு சூடான் மின்னணு சரக்குப் பதிவு, பாதுகாப்புத் துணை, எரிபொருள் என்று புதிய கட்டணங்கள் போட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் எரிபொருள் லாரிகள் உகாண்டா எல்லையில் நின்றன. விமானத்துக்கு எரிபொருள் இல்லாமல், சாலையே இல்லாத ஊர்களுக்கு வானிலிருந்து உணவு போடும் வேலை மே மாதத்தில் நின்றுபோனது.

இரண்டிலும் தொகையைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அறிவிப்பு திடீரென்று வந்ததும், பக்கத்து நாட்டோடு பேசாமல் வந்ததும்தான் வண்டியை நிறுத்தின.

எல்லையில் இதுவரை என்ன மாறியிருக்கிறது?

சொல்லும்படியாக மாறியிருக்கிறது. 2014-லிருந்து ஒற்றைச் சுங்கப் பகுதி என்ற ஏற்பாடு: கம்பாலாவுக்குப் போகும் சரக்குக்கு உகாண்டா வரியை மொம்பாசாவிலேயே கணக்கிட்டுக் கட்டிவிட்டு வண்டி புறப்படலாம். முன்பு 18 நாள் வரை பிடித்த மொம்பாசா–கம்பாலா பயணம் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

மலாபா, புசியா, ருசுமோ போன்ற இடங்களில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்காருகிறார்கள். நுழையும் நாட்டுப் பக்கம் மட்டும் நின்றால் போதும். வெளியேறும் நாட்டின் ஆளும் அங்கேயே முத்திரை குத்துவார். ருசுமோவில் புதுப் பாலத்தோடு இது 2016-ல் வந்தது.

2017-லிருந்து கென்யா, உகாண்டா, ருவாண்டா வரி நிர்வாகங்கள் பொதுவான மின்னணு சீல் முறை வைத்திருக்கின்றன. கன்டெய்னர் கதவைத் திறந்தால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். வண்டியோடு ஆள் அனுப்ப வேண்டிய தேவை குறைந்தது.

காப்பீட்டுக்குக் கொமேசாவின் 'மஞ்சள் அட்டை' 1980-களிலிருந்தே இருக்கிறது. சொந்த ஊரில் ஒரு அட்டை வாங்கினால் இந்த அட்டைத் திட்டத்தில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும். தான்சானியா கொமேசாவில் இல்லாவிட்டாலும் இந்த அட்டையில் இருக்கிறது.

கட்டணம் குறைந்தால் கடையில் விலை குறையுமா?

தானாகக் குறையாது. வாடகையைத் தீர்மானிப்பதில் சாலைக் கட்டணம் ஒரு சிறு பங்கு. டீசல், டயர், வண்டிக் கடன், காத்திருக்கும் நாட்கள், ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வெற்று வண்டியாகத் திரும்புவது, இவைதான் பெரியவை. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு வரும் சரக்கு அதிகம். திரும்பிப் போக காப்பியும் தேயிலையும் கொஞ்சம் தாதுவும்தான். போக வர இரண்டுக்குமான செலவையும் ஒருவழிச் சரக்கே சுமக்கிறது.

போட்டி இருந்தால் மிச்சமாகும் காசு வாடகையில் இறங்கும், இல்லாவிட்டால் லாரிக் கம்பெனியின் பையில் தங்கும். 1994-ல் ருவாண்டா சர்வதேச லாரிப் போக்குவரத்தைத் திறந்துவிட்டபோது வாடகை 30 சதவீதத்துக்கு மேல் விழுந்ததாக உலக வங்கி ஆய்வு ஒன்று காட்டியது. எந்தக் கட்டண ஒப்பந்தமும் அந்த அளவுக்கு இறக்கியதாக நான் பார்த்ததில்லை.

வருமானம் குறையும் நாடு ஏன் சம்மதிக்க வேண்டும்?

சும்மா சம்மதிக்காது. துறைமுக நாட்டுக்குச் சொல்லக்கூடிய வாதம் ஒன்று இருக்கிறது: வண்டி போட்டித் தடத்துக்குத் திரும்பினால் சாலைக் கட்டணத்தோடு துறைமுகக் கூலி, கிடங்கு வாடகை, டீசல் வரி எல்லாம் சேர்ந்து போகும். சின்ன நாட்டுக்கு அந்தத் துருப்புச்சீட்டு இல்லை. அவர்களுக்குப் பொது நிதியிலிருந்து சாலைப் பராமரிப்புக்குப் பங்கு தருவதுதான் வழி. அதற்கு யார் பணம் போடுவது என்ற இடத்தில் கூட்டம் தேநீர் இடைவேளைக்குக் கலைந்துவிடும்.

இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஒரு நாட்டுக்குள்ளேயே நடந்தது. 2010-க்கு முன் நேஷனல் பெர்மிட் என்றால் ஓட்டப்போகும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக, பெரும்பாலும் 5,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும். 2010 மே மாதத்திலிருந்து வருடத்துக்கு 15,000 ரூபாய் கட்டினால் நாடு முழுவதும் ஓடலாம் என்று ஆனது (பிறகு 16,500). வசூலான தொகை ஒரு சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பிரிகிறது. நாமக்கல் லாரி முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே பிரித்துக் கொடுக்க ஒரு மத்திய அரசு இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த இடம் காலி.

கட்டணத்தை ஏன் டாலரில் வைக்கிறார்கள்?

உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு சரிந்தாலும் வசூல் குறையாது என்பதற்காக. எல்லையில் டாலர் மாற்றும் தரகர்களுக்கும் இதில் பிழைப்பு நடக்கிறது.

தவறாகக் கட்டணம் வாங்கினால் எங்கே முறையிடுவது?

கொமேசா, கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகம் மூன்றும் சேர்ந்து இணையத்தில் ஒரு புகார்ப் பதிவேடு நடத்துகின்றன. எந்த எல்லையில், என்ன தடை, எவ்வளவு கேட்டார்கள் என்று பதியலாம்; அது சம்பந்தப்பட்ட நாட்டின் பொறுப்பு அதிகாரிக்குப் போகும். புகாரும் அதற்கு வந்த பதிலும் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கும். சங்கம் வழியாகப் பதிவதுதான் நல்லது. மறுவாரம் அதே எல்லையில் அதே அதிகாரி முன்னால் வண்டியோடு நிற்க வேண்டிய டிரைவர் தன் பெயரில் புகார் எழுதமாட்டார். ரசீது கட்டாயம் வேண்டும். ரசீது தராமல் வாங்கிய காசுக்கு, சாட்சிக்குக் கிளீனரைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.